முற்றுகைக்கு உள்ளே

இரண்டாவது கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து மேனேஜரின் நெற்றியில் விழுந்தபோது, குரலு தன் மகளை மேசைக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தார். கிடங்கில் பாரம் தூக்குகிறவர்களுக்கு ராகம் போட்டுக் குரல் கொடுப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பேரே நிலைத்துவிட்டது. மகளுக்கு அதே கிடங்கு ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை. அவளை அழைத்துப் போகத்தான் பின்வாசல் வழியாக நுழைந்தார். நுழைந்த கையோடு வெளியே இருந்தவர்கள் பின்வாசலையும் அடைத்துவிட்டார்கள்.

வெளியே கட்டியிருந்த துணியில் 'முற்றுகை' என்று எழுதியது அவர்தான். நாற்பது வயதுக்குமேல் தொழிற்சங்கத்து வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தவர். கைகோத்து உட்கார்ந்து, பாட்டுப் பாடி, கேட்டது கிடைக்கும்வரை நகராமலிருப்பதுதான் முற்றுகை என்று நினைத்திருந்தார். காலையில் அப்படித்தான் இருந்தது. மத்தியானம் செக்யூரிட்டியின் தடி ஒரு தொழிலாளியின் மண்டையைப் பிளந்ததும் பாட்டு நின்றது. இப்போது உள்ளே மூத்திர நாற்றமும் ரத்தமும். கண்ணெதிரே கதவு இருந்தும் அது சுவராகிவிட்டது. அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு இருக்குமென்று யார் கண்டார்?

"அப்பா, நாம உள்ள இருக்கோம்னு சொல்லுப்பா."

"டேய், நான்தான்டா! எம் பொண்ணு இருக்காடா இங்க!"

"காலைல எங்ககூட, மத்தியானம் அவன்கூட. சாயங்காலம் யார்கூடண்ணே?" வெளியிலிருந்து கேட்டது மண்டை உடைந்தவனின் அண்ணன், லாரி டிரைவர். நாலு பேர் சிரித்தார்கள். "அந்தத் தடிக்காரன வெளிய தள்ளு. இல்ல, எல்லாரையும் சேத்துக் கொளுத்திருவோம்!"

பெட்ரோல் வாசனை வந்தது. ஒரு தண்டவாளத் துண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு கதவை இடித்தார்கள். மூன்றாவது இடியில் கதவு பாதி பிளந்தது. இடுக்கில் தெரிந்த தோள்கள் எல்லாம் அவருடைய ஆட்கள். பாரம் தோளிலிருக்கும்போது யோசிக்கிறவனுக்கு முதுகு ஒடியும். காது கேட்டால் போதும், புத்திக்கு அங்கே வேலையில்லை என்று அவர்களைப் பழக்கியவரும் அவர்தான்.

பாரத்தை இறக்கச் சொல்லும் அதே குரலை அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கத்தினார்: "எறக்கே...ய்!"

ஒரே மூச்சில் தோள்கள் எல்லாம் விலகின. முன்னால் தோள்கொடுத்து நின்ற டிரைவர் மட்டும் விலகவில்லை. அவன் ஸ்டியரிங் பிடித்தவன், அந்தக் குரலுக்கு வளைந்தவனல்ல. மொத்தப் பாரமும் அவன்மேல் சரிந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக வாசற்படியில் விழுந்து கிடந்தான். "அண்ணே, கொன்னுட்டியேண்ணே..."

உள்ளே செக்யூரிட்டி தடியை ஓங்கினான். வெளியே கைகள் கற்களைப் பொறுக்கின. குரலு வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. போய் டிரைவர்மேல் குப்புறக் கவிழ்ந்தார். மகள் தவழ்ந்து வந்து அவர் கணுக்காலை இறுகப் பிடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூட்டை ஏறப்போகிற முதுகுபோல அவர் முதுகு தானாகவே விறைத்துக்கொண்டது.