செங்கல் நிறம் என்று சொன்னேன்

1

பொறாமையில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். பெருந்தன்மையான காரணம் எதுவும் கிடையாது. இந்த 1992 ஜூன் மாதம், அருப்புக்கோட்டையில், என் வீட்டுக்காரர் தாவீதுராஜ் டீயில் சீனி வேண்டாம் என்று சொன்ன காலையில் எனக்கு வயிறு எரிந்தது. அதே சீனியைக் குறைக்கச் சொல்லி மூன்று வருஷமாக நான் கத்தியிருக்கிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கோடையின் தகிப்பில் கரிசல் மண் வெடித்துக் கிடந்த அந்த..." (வேண்டாம். மண் என்ன பாவம் செய்தது? தின்றது அவர்.)

ஈஸ்டர் முடிந்ததும் எங்கள் சபையில் மட்டும் ஏழு கல்யாணம். எட்டாவது, வீரசோழனில் அவருடைய சிநேகிதர் ஜமால் மைதீன் வீட்டில். அங்கே மூன்று பந்தி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். (இரண்டுதான். கோபத்தில் ஒன்று கூடிவிட்டது.) அது போக வீட்டில் கூடை கூடையாக மாம்பழம். மே கடைசியில் தலை சுற்றி உட்கார்ந்தார். டாக்டர் சர்க்கரை என்றார்.

3

இனி ஜாய்ஸ் வர வேண்டும். ஆஸ்பத்திரி நர்ஸ், எங்கள் சபைக்காரி. முதல் பிரதியில் அவளுக்கு எத்துப்பல் வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். பல் வரிசையாகத்தான் இருக்கிறது, நாசமாய்ப் போக.

அவளுக்கும் இவருக்கும் நடுவே ஏதோ என்று நினைக்காதீர்கள். (நானும் எழுதிப் பார்த்தேன். ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை.) விடிந்ததும் இவரையும் சபையில் ஐந்தாறு பேரையும் சேர்த்துக்கொண்டு பாலவனத்தம் ரோட்டில் நடக்கிறாள், அவ்வளவுதான். அவள் ஒரு தடவை சொன்னாள், இவர் கேட்டுவிட்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

"சிஸ்டர் சொன்னாக, ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்திதானாம்."

"நான் சொன்னப்ப காது எங்க போச்சு?"

"நீ சொல்றதும் அவுக சொல்றதும் ஒண்ணா?"

இந்தப் பேச்சில் என் கற்பனை ஒரு எழுத்துக்கூட இல்லை.

4

தினமும் காலையில் வீட்டிலேயே சோதனை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து. அதில் எட்டுச் சொட்டு மூத்திரம்.* ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினால், சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும்; கூடக் கூடப் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்துவிடும்.

(* சிறுநீர் என்று எழுதினால் கதையில் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறது.)

நிறம் சொல்வது என் வேலை. அவருக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாது. நீலம் நன்றாகத் தெரியும். பச்சைச் சேலை என்று காவிச் சேலையை வாங்கிவந்து நீட்டிய மனிதர்.

மூன்றாவது வாரம் பச்சைக்கு இறங்கியது.

"சொல்லு ரெஜினா, சிஸ்டர்ட்ட சொல்லணும்" என்றார்.

"செங்கல்" என்றேன்.

மனம் தளர்ந்து நடையை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். சாயங்காலமும் நடக்கப் போனார். மறுநாளும் செங்கல் என்றேன். ஒரு சப்பாத்தியைக் குறைத்தார். அதற்கு அடுத்த நாளும் சொன்னேன். ஜாய்ஸ் டாக்டரிடம் கேட்டு, தினம் போட்ட ஒரு மாத்திரையை இரண்டு மாத்திரையாகக் கூட்டினாள். அன்று மத்தியானம் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று புரிந்து சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்திலும் பொறாமை போகவில்லை.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்று: ஜாய்ஸுக்கு நரிக்குடிக்கு மாற்றல். (எழுதுகிறவளுக்கு இந்த வசதி உண்டு.) இரண்டு: நான் அழுது மன்னிப்புக் கேட்பது. அழுகை வந்தால்தானே. மூன்று: அவர் ஒருநாள்

அதற்குள் அவரே குழாயோடு வந்துவிட்டார். நேற்று மத்தியானம் அப்படி உட்கார்ந்தவர், இன்று விடிந்ததும் நடந்துவிட்டும் வந்திருக்கிறார். காய்ச்சினேன். கொதித்து அடங்கியது. நீலம் நீலமாகவே இருந்தது.

நான் வாய் திறக்கும் முன்பே குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நீலந்தான?"

"ஆமாங்க."

"நேத்துக் காலைல செங்கல்னு சொன்ன. ஒரு நாள்ல இம்புட்டு எறங்குமா, ரெஜினா?"

அடுத்த வரி என்னுடையது. இறங்கும் என்று எழுதலாம். அவர் நம்புவார், இரண்டு மாத்திரையும் போடுவார். இல்லை என்று எழுதினால், இந்தக் கதையின் மிச்சத்தையும் அவரிடம் சொல்ல வேண்டும். ஜாய்ஸிடம் ஓடிப்போய்ச் சொல்லாமல், முதல்முறையாக என் பதிலுக்காக நிற்கிறார். நோட்டை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள், அவர் இன்னும் மாத்திரை போடவில்லை.