ஆட்சேபித்தவர் பெயர்

அமீர் பாஷா அந்தத் தாளை நீட்டியபோது பச்சையப்பன் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தான். தினமும் காலையில் பேசாமல் பின்னால் ஏறி உட்காருகிறவர் அன்று ஏறவில்லை. "ஆஃப் பண்ணு" என்றார். இருவரும் ஆம்பூரில் ஒரே ஷூ ஃபாக்டரியில் வேலை பார்ப்பவர்கள். பச்சையப்பன் கட்டிங்கில், பாய் ஃபினிஷிங்கில். பக்கத்துப் பக்கத்து வீடு. பதினாறு வருடமாக ஒரே வண்டியில் போய் வருகிறார்கள்.

தேர்தல் ஆபீஸிலிருந்து வந்த நோட்டீஸ் அது. அமீர் பாஷா இந்த முகவரியில் வசிக்கவில்லை, நிரந்தரமாக இடம் மாறிப் போய்விட்டார், எனவே வாக்காளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்று ஒருவர் ஆட்சேபித்திருப்பதாகவும், விசாரணைக்கு ஆவணங்களோடு நேரில் வர வேண்டும் என்றும் இருந்தது. கீழே, ஆட்சேபித்தவர்: பச்சையப்பன், த/பெ முனிரத்தினம், கதவு எண் 14. அவனுடைய வாக்காளர் அட்டை எண்கூட ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

"இன்னா பாய் இது?"

"அதத்தான் நான் உன்னக் கேக்கறேன்."

முந்தின நாள் அவன் ஓவர்டைம் முடித்து வருவதற்குள் தெருவில் இருபத்து மூன்று பேருக்கு அந்தத் தாள் வந்து சேர்ந்திருந்தது. இருபத்து மூன்றும் முஸ்லிம் பெயர்கள். ஆட்சேபித்தவர் எல்லாவற்றிலும் ஒருவரே. பச்சையப்பன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "சத்தியமா நான் இல்ல பாய்" என்றான். சொல்லும்போதே அந்தச் சொல் தன் வாயில் பொய் மாதிரி ஒலிப்பது அவனுக்கே கேட்டது. "நீ இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றார் அமீர் பாஷா. ஆனால் வண்டியில் ஏறவில்லை. இன்றைக்கு வேனில் போய்க்கொள்வதாகச் சொன்னார். தனக்கும் வந்த தாளோடு வாசற்படியில் நின்றிருந்த அவர் மனைவி அஃப்ஸர் ஜஹான் இவனைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

கட்டிங் மெஷின் முன்னால் நின்றுகொண்டு அன்று முழுக்க யோசித்தான். தன் அட்டையை யாரிடம் கொடுத்தோம்? மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் ஞாபகம் வந்தது. நான்கைந்து மாதம் முன்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷாமியானா போட்டு, இலவச மருத்துவ அட்டை என்று நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜெராக்ஸ் கொடுத்தான். போன் நம்பர் கேட்டார்கள், சொன்னான். மோர் கொடுத்தார்கள். எந்தக் கட்சி, என்ன அமைப்பு, மேலே கட்டியிருந்த துணி என்ன நிறம் என்று எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. மோரில் உப்பு ஜாஸ்தியாக இருந்தது மட்டும் நினைவிருந்தது. மருத்துவ அட்டை இன்றுவரை வரவில்லை.

அந்தத் தெரு பூத்தின் வாக்காளர் பட்டியலுக்குப் பொறுப்பு அங்கன்வாடி டீச்சர் பூர்ணிமா. பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டே தன் போனைத் திறந்து காட்டினாள். "ஆன்லைன்ல வந்திருக்குண்ணா. ஒரே ராத்திரில இருபத்து மூணு. உங்க பேரு, உங்க நம்பர். ஆனா போன் நம்பர் வேற குடுத்திருக்காங்க."

"நான் வாபஸ் வாங்கிக்கறேம்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"

"வாபஸ் வாங்கணும்னா ஓடிபி வரும். அந்த நம்பருக்குத்தான் போவும்."

அந்த நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு வந்து வெளியே மரத்தடியில் நின்று அடித்தான். ரிங் போனது. யாரும் எடுக்கவில்லை. அன்றும் மறுநாளும் பதினெட்டு முறை அடித்தான். வாட்ஸப்பில் சேர்த்துப் பார்த்தபோது ஒரு மஞ்சள் ரோஜாப் படம் தெரிந்தது. "அண்ணா யார் நீங்க" என்று எழுதி அனுப்பினான். இரண்டு நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு ரோஜாவும் மறைந்துவிட்டது.

லீவு போட்டுத் தேர்தல் ஆபீஸுக்குப் போனான். தான் ஆட்சேபிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போன மனுவைக் கிளார்க் படித்துவிட்டு, "நீங்க பண்ணலன்னு சொல்றீங்க, சரி. யார் பண்ணதுன்னு போலீஸ்தானே சொல்லணும்?" என்று கேட்டார். ஸ்டேஷனில் சைபர் புகார் ஆன்லைனில் போடச் சொன்னார்கள். போட்டான். பதினான்கு இலக்கத்தில் ஓர் எண் வந்தது. அந்த எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினான். கேட்டவர்கள் குறைவு. வீட்டில் அவன் மனைவி எழிலரசி, "எவனோ உன் பேரத் தூக்கினு போய்ட்டான். நீ அவன் பின்னால ஓடறியா, பேரு பின்னால ஓடறியா?" என்றாள். அவள் தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதை அவன் கேட்டபிறகுதான் சொன்னாள்.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். 'நான் யார் பெயரையும் நீக்கச் சொல்லவில்லை, இவர்கள் எல்லோரும் என் தெருவில்தான் வசிக்கிறார்கள்' என்று டைப் செய்து, இருபத்து மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். சிலர் வாங்கிக்கொண்டார்கள். வாஹித் பாஷா கதவைத் திறக்காமலே ஜன்னலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். தெருக்கோடியில் தனியாக இருக்கும் குர்ஷித் அம்மா, இடுப்பு முறிந்து கட்டிலிலேயே கிடப்பவள், தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "அந்தக் காகிதத்துலயும் உன் பேரு. இதுலயும் உன் பேரு. எத நம்பறது நான்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பச்சையப்பன் கட்டிலுக்குக் கீழே உருண்டு கிடந்த மாத்திரை டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டு வந்தான்.

விசாரணை ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடத்தில். நேரில் போய்ச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று அவன் நம்பியிருந்தான். பூர்ணிமாவும் அதுதான் நல்லது என்றாள். ஐந்தாம் வகுப்பு பெஞ்சுகளில் தெருவே முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தது. எல்லார் மடியிலும் பிளாஸ்டிக் கவர். அமீர் பாஷா அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அதிகாரி கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரர். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

"பச்சையப்பன் யாரு?"

எழுந்து நின்றான். "நான்தான் சார். ஆனா நான் எதுவும் குடுக்கல சார். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அதிகாரி அவன் அட்டையை வாங்கிப் பார்த்தார். மனுவையும் படித்தார். பக்கத்தில் லேப்டாப்புடன் இருந்த பெண்ணிடம், "ஆட்சேபித்தவர் ஆஜர்னு போடும்மா" என்றார்.

"சார், நான் ஆட்சேபிக்கலன்னுதான் சார் சொல்றேன்."

"புரியுதுங்க. இதுல ரெண்டே ரெண்டுதான் இருக்கு. ஆஜர், ஆஜராகல. நீங்க என் எதிர்ல நிக்கறீங்க. ஆஜராகலன்னு எப்படிப் போடறது? உங்க மனுவைத் தனியா மேல அனுப்பறேன்."

அந்தப் பெண் ஒரு தட்டுத் தட்டினாள். இருபத்து மூன்றுக்கும் சேர்த்து ஒரே தட்டு. வராந்தாவில் பூர்ணிமா அவன் அருகே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அண்ணா, எனக்கும் இப்பத்தான் தெரியும். ஆட்சேபிச்சவர் வரலன்னா ஆட்சேபனையவே தள்ளுபடி பண்ணிடுவாங்களாம். நீங்க வராமலே இருந்திருக்கலாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே அஃப்ஸர் ஜஹானின் முறை நடந்துகொண்டிருந்தது. ஆதாரில் அப்சர் ஜான், வாக்காளர் அட்டையில் அஃப்ஸர் ஜஹான், நிக்காஹ் பதிவில் அஃப்ஸருன்னிஸா. "மூணும் நீங்கதானா?" என்று அதிகாரி கேட்பதும், "நான் ஒருத்திதான் சார்" என்று அவள் சொல்வதும் ஜன்னல் வழியாகக் கேட்டது.

மனு மேலே போனதா, போய் என்ன ஆனது என்று தெரியவில்லை. மூன்று முறை விசாரித்தான். பரிசீலனையில் இருப்பதாக மூன்று முறையும் ஒரே வாக்கியம் வந்தது. ஃபாக்டரியில் பாய் அவனிடம் பேசுவார். தீபாவளி போனஸ், புது சூப்பர்வைசர், மழை எல்லாம் பேசுவார். இந்த விஷயம் மட்டும் இருவருக்கும் நடுவே வராது. வேனிலேயேதான் போய் வந்தார்.

இறுதிப் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய அன்று பச்சையப்பன் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தான். மத்தியான வெயிலில் ஆளில்லை. பசை ஈரம் காயாத தாள்களில் தேடினான். அவன் பெயரும் எழிலரசி பெயரும் பத்திரமாக இருந்தன. அமீர் பாஷா இருந்தார். வாஹித் பாஷா இருந்தார். இருபத்து மூன்றில் பதினேழு பேர் தப்பித்திருந்தார்கள். விசாரணைக்கு வர முடியாத குர்ஷித் அம்மாவின் கட்டத்துக்குக் குறுக்கே 'நீக்கப்பட்டது' என்று சாய்வாக அச்சடித்திருந்தது. அமீர் பாஷாவுக்கு அடுத்து, அவர் மனைவியின் கட்டத்திலும் அதே சாய்ந்த எழுத்துகள்.

"அண்ணா."

திரும்பினான். அஃப்ஸர் ஜஹான் நின்றிருந்தாள். அந்த நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அவள் அவனோடு பேசியதில்லை. படித்ததெல்லாம் உருதுப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. சுவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவருக்கு ஷிஃப்ட்டு. வீட்ல வேற யாரும் இல்ல. என் பேரு எங்க இருக்குதுன்னு கொஞ்சம் காட்டுங்கண்ணா."

பச்சையப்பன் கையைத் தூக்கினான். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அங்கேயே வைத்தான். விரல் போதாமல் உள்ளங்கையை விரித்து வைத்தான். சாய்ந்த எழுத்துகள் கைக்கு அடியில் போயின.

"இங்கயா?" என்று அவள் பக்கத்தில் வந்தாள். கைக்கு மேலே தெரிந்த பெயரின் ஒரு விளிம்பை, தன் பெயர் தமிழில் எப்படி இருக்கும் என்று பார்க்கிறவளைப் போல, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இருக்குதில்லண்ணா?"

பசை கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் கையை எடுக்கவில்லை.