நாற்பது பதில்களும் இரண்டு வாஷர்களும்

கேள்விகள் தபாலில் போடப்படுவதற்கு இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் முன்னதாகவே நாற்பது பதில்களும் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தன. அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். பிளம்பரின் தங்கை கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷும் மொழியியலும் படிக்கச் சேர்ந்து அவளுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. உறைக்குள் நான்கு தாள். ஒன்று முதல் நாற்பது வரை எண் போட்டு, நீல மையில், ஸ்பானிஷில் பதில்கள். கேள்வி ஒன்றுகூட இல்லை. மடிப்புகளில் கோதுமை மாவு அப்பியிருந்தது. கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு மலையூரில் ரொட்டிக் கடை வைத்திருப்பவள் என்று எழுதியவள் தன்னைப் பற்றிக் கடைசி வரியில் சொல்லியிருந்தாள்.

முந்தின நாள்தான் தங்கை வாய்மொழித் தேர்வில் தோற்றிருந்தாள். அந்தத் தேர்வில் பாதி மதிப்பெண் பதில் சொல்வதற்கு, மறுபாதி தேர்வாளரிடம் கேள்வி கேட்பதற்கு. பதில் பகுதியில் பொரிந்து தள்ளினாள். ஒரே பேருந்துக்கு அந்த மொழியில் நாட்டுக்கொரு பெயர் இருப்பதை யாரும் கேட்காமலே ஒப்பித்தாள். கேள்விப் பகுதி வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் படித்த சின்ன ஊர்ப் பள்ளியில் கேள்விகள் வாத்தியார்களுக்குச் சொந்தம், பதில்கள் பிள்ளைகளுக்கு. எழுந்து நின்று எதையாவது கேட்டால், வந்துட்டா பெரிய இவ, என்று உட்காரவைத்துவிடுவார்கள். படிப்பை விட்டுவிடுவதாக எழுதிய விண்ணப்பம் நாலாக மடித்து அவள் பையில் இருந்தது.

அகராதியை வைத்துக்கொண்டு பதில்களைப் படித்து முடிக்க ஒன்பது நாள் பிடித்தது. ஏழாவது பதில், இல்லை, என் மாமியார் மட்டும் அப்படிச் சொல்வார், அதுவும் கோபத்தில், என்றது. பன்னிரண்டாவது, எங்கள் தெருவில் ஒரு சொல், பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு சொல், பாலத்தின்மேல் நிற்கும்போது வாயைத் திறக்காமல் கையைக் காட்டிவிடுவோம், என்றது. பத்தொன்பதாவது, இதையெல்லாம் பெண்களிடம் கேட்கக் கூடாது என்று தொடங்கி அரைப் பக்கம் ஓடியது. துறைத்தலைவி தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வட்டார வழக்கு ஆய்வுக்கு மூன்றாம் ஆண்டில் அனுப்ப வேண்டிய வினாப்பட்டியலுக்கான பதில்கள் இவை, கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டன, பத்திரமாக வைத்துக்கொள், என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனாள். பத்தொன்பதாவது கேள்வி என்னவென்று தெரியாமல் படிப்பை விட முடியாது என்பதால், விண்ணப்பம் பைக்குள்ளேயே கிடந்து நைந்துபோனது.

வீட்டில் அண்ணனைப் பிடித்து உலுக்கியது இருபத்து மூன்றாம் பதில். அதை அவள் சத்தமாக வாசித்து அர்த்தம் சொன்னாள்: "எங்கள் ஊரில் குழாய் அழுகிறது என்போம். எங்கள் சமையலறைக் குழாய் ஏழு வருடம் அழுதது. உங்கள் அண்ணன் அனுப்பிய இரண்டு வாஷர்களில் ஒன்று சரியாகப் பொருந்தியது. மற்றது ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் இருக்கிறது. அவருக்கு நன்றி."

அண்ணன் தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. "நான் எப்ப அனுப்புனேன்?"

"இன்னும் அனுப்பலண்ணா."

"பொருந்தினது எந்த சைஸுன்னு அந்தம்மா எழுதியிருக்கக் கூடாதா? அரை இஞ்சா, முக்காலா?"

அதுவரை, இந்தப் படிப்பு என்னத்துக்கு ஆகும் என்று வாரத்துக்கொரு தடவை கேட்டுக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து அதைக் கேட்பதை விட்டுவிட்டார். கடையில் வாஷர் வாங்கும்போதெல்லாம் நல்லதாக இரண்டு எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைத்தார்.

முதலாண்டு முடிவில் அவள் பதினோரு கேள்விகளைக் கண்டுபிடித்திருந்தாள். இரண்டாம் ஆண்டு முடிவில் முப்பத்தொன்றை. வகுப்பில் இருந்த மற்ற ஒன்பது பேருக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. படிகளில் ஏறும்போதும் கை கழுவும்போதும் பத்தொன்பதாவதுக்கு ஆளுக்கொரு கேள்வி சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் அது பேறுகாலத்தைப் பற்றியது என்று தெரிந்த அன்று, நூலகர் அவர்களை வெளியே அனுப்பும்வரை கைதட்டினார்கள். அந்த மலையூரின் பாலமும் மாமியாரும் ரொட்டி அடுப்பும் தங்கைக்குத் தன் தெருவைப் போலப் பழகிவிட்டன. கனவில்கூட அங்கே வழி தவறவில்லை. ஆனால் வாய்மொழித் தேர்வின் மறுபாதி இரண்டாம் முறையும் பூஜ்ஜியம்தான்.

மூன்றாம் ஆண்டில் மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு அவளுடைய ஆய்வேட்டைப் புரட்டியது. பதில்களின் அஞ்சல் முத்திரை கேள்விகளைவிடப் பழையது என்பதைக் குழுத்தலைவர் பென்சிலால் வட்டமிட்டார். கேள்விகள் அந்த அம்மாளின் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு நாற்பது நாளுக்குள் அத்தாட்சி வேண்டும், இல்லையென்றால் பட்டம் இல்லை என்றார். பிறகு கடைசித் தாளுக்கு வந்தார்.

"பதில் நாற்பது இருக்கு. கேள்வி முப்பத்தொம்பதுதானே இருக்கு?"

நாற்பதாவது பதில், ஆகட்டும், இதைக் கேட்க உனக்கு இத்தனை நாளா, பேருந்து நிற்கும் இடத்தில் பச்சை மழைக்கோட்டோடு நிற்பேன், என்றிருந்தது. அதற்கான கேள்வி, பதிலைப் படித்த அன்றே அவளுக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை. இப்போது மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்று, நான் உங்கள் ஊருக்கு வரலாமா என்று ஸ்பானிஷில் கேட்டாள். தேர்வாளர்களில் ஒருவர் பழக்க தோஷத்தில், தாராளமா வாங்க, என்று அதே மொழியில் சொல்லிவிட்டு, வாய்மொழித் தேர்வின் மறுபாதிக்கு அங்கேயே மதிப்பெண் போட்டார்.

அன்று மாலையே நாற்பது கேள்விகளும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போயின. அண்ணன் அஞ்சலகத்துக்குக் கூடவே வந்து, உறையை ஒட்டுமுன் அரை இஞ்சில் ஒன்றும் முக்காலில் ஒன்றுமாக இரண்டு வாஷர்களை உள்ளே போட்டார். அதன் பிறகு முப்பத்தொன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. நாற்பதாம் நாள் பதினொன்று பத்துக்கு, குழு கூடியிருந்த அறைக்குள் தபால்காரர் செருப்பைக் கழற்றாமல் வந்து, சட்டை உள்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒப்புகை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். ரொட்டிக்காரியின் கையெழுத்து, மாவுக் கட்டைவிரல் ரேகை, அன்றைய தேதி.

"இந்த அட்டை அப்பவே அந்தப் பதில் தபாலோட வந்திடுச்சும்மா. இன்னைக்குத்தானே இதுக்குத் தேதி. முன்னாடியே குடுத்தா தப்பு."

குழு அட்டையை நூலால் ஆய்வேட்டோடு சேர்த்துக் கட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனது. தங்கை மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி, தெருவில் போன பேருந்தைப் பார்த்து அதன் எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கத்தினாள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டுநர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அவள் கடல் தாண்டி, மலையேறும் பேருந்தில் போய் இறங்கினாள். பச்சை மழைக்கோட்டு, சொன்ன இடத்தில் நின்றது. பாலத்தின்மேல் இருவரும் கையைக் காட்டிப் பேசிக்கொண்டு நடந்தார்கள். ரொட்டிக் கடைக்குப் பின்னால் இருந்த சமையலறையில் குழாய் அழவில்லை. தங்கை மேசையில் உட்கார்ந்து அண்ணனுக்குக் கடிதம் எழுதினாள். பொருந்தினது அரை இஞ்சுதான் என்பதை முதல் வரியிலேயே சொன்னாள். எழுதும்போது மேசை ஆடவில்லை.