4417-இன் இரண்டாவது மாதிரி

அலுவலகத்தில் அவளுக்கு 'இன்னொருதடவை' என்று பெயர். பெற்றோர் இட்ட பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்த பின்னும் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து மறுபடியும் இழுப்பாள். அனுப்பவேண்டிய கடிதத்தை மும்முறை படிப்பாள். இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை. இரத்த மாதிரியின் எண்ணைக்கொண்டு அறிக்கைக்குரிய இணைப்பைத் தானாகவே உண்டாக்கி, நோயாளியின் கைப்பேசிக்கு அனுப்பும் நிரலை எழுதியவள் அவளே.

சனிக்கிழமை நண்பகலில் அக்காள் அழைத்தாள். "ரெண்டாவது ரிப்போர்ட்டும் வந்துடுச்சுடி. அதேதான்."

திங்களன்று எடுத்த இரத்தத்தில், ஒன்றரை இலட்சமாவது இருக்கவேண்டிய பிளேட்லெட் பதினெட்டாயிரமே இருந்தது. மறுபடியும் எடுங்கள், அப்போதும் இப்படியே வந்தால் உடனே மருத்துவமனையில் சேர்ந்து எலும்பு மஜ்ஜையைச் சோதிக்கவேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். வியாழன் பிற்பகலில் அக்காளைத் தன் கூடத்துக்கே அழைத்துச்சென்று இரத்தம் கொடுக்கச் செய்தவளும் இவள்தான்.

இவள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலின்மேல் பை ஒன்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. துண்டு, பல்துலக்கி, இரண்டு இரவு உடைகள். அக்காள் மூக்குக்கண்ணாடியின் உறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு வருஷமா லீவு கேட்டேன். இப்பதான் கிடைச்சிருக்கு," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"போனைக் கொடுக்கா. இன்னொரு தடவை பார்க்கிறேன்."

"நீ பார்த்தா ஏறிடுமாக்கும்!"

பார்த்தாள். எண்ணிக்கை மட்டுமன்று, அறிக்கையிலிருந்த எந்த எண்ணுமே திங்கட்கிழமையினின்று இம்மியும் மாறவில்லை. வெவ்வேறு நாளில் எடுத்த இரத்தம் இப்படி அச்சில் வார்த்தாற்போல் இருக்குமா? மேலே போனாள். மாதிரி எடுத்த நேரம்: திங்கள், காலை 9.42.

இணைப்பைத் தொட்டு நீட்டிப் பார்த்தாள். கடைசியில் 4417#2 என்றிருந்தது. மறுமுறை எடுக்கும் மாதிரிக்கு # போட்டு இரண்டு என்று எழுதுவது, இரத்தம் எடுக்கும் பிரிவுக்குப் புதிதாய் வந்தவருடைய பழக்கம். இணைப்பில் அந்தக் குறி வந்தால், பக்கத்தில் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதற்கான அடையாளமாகவே கைப்பேசியின் உலாவி அதைக் கொள்ளும். அதற்குப் பின்னுள்ளதை, அறிக்கைகள் இருக்கும் வழங்கிக் கணினிக்கு அனுப்பாது. போய்ச் சேர்ந்தது வெறும் 4417. திறந்தது பழைய அறிக்கை. எண் முழுதாய்ப் போய்ச்சேர, குறியை %23 என்று மாற்றி எழுதும்படி நிரலுக்குச் சொல்லியிருக்கவேண்டும். ஒரே வரி. ஊர்ப்பூட்டையெல்லாம் இழுத்துப் பார்த்தவள் அந்த ஒரு வரியை விட்டிருந்தாள்.

குறியை அழித்து, %23 என்று இட்டாள். வெள்ளைத் திரை சற்றே சுழன்றது.

இரண்டு இலட்சத்து நாற்பத்தோராயிரம். அடியில் ஒரு குறிப்பு: முதல் மாதிரி குழாயில் உறைந்திருந்தது, அவ்வெண்ணிக்கையைக் கணக்கில் கொள்ளற்க.

"அக்கா, நீ பார்த்தது பழசு. இதுதான் வியாழக்கிழமை ரத்தம்."

அக்காள் கண்ணாடியின்றியே திரையை மூக்கருகில் வைத்துப் படித்தாள். "அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமே இல்லக்கா. தப்பு என்னோடது."

"அடிப்பாவி! ரத்தம் பத்தலைன்னா உன் கம்ப்யூட்டருக்குல்ல ஏத்தணும்!" என்று தோளில் ஓர் அறை வைத்தாள். அடித்த கையாலேயே கட்டிக்கொண்டு அழுதாள். பின்பு பையினின்று பல்துலக்கியை எடுத்துக் குளியலறைக் குவளையில் டொக்கென்று போட்டாள்.

அந்த ஓசையைக் கேட்டபின்தான் இவளுக்கு மூச்சு சீராக வந்தது. மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைச் சேர்த்தாள், இருமுறை சோதித்தாள். பிறகு, #2 என்று முடிந்த மாதிரிகளைத் தேடினாள். அக்காளைத் தவிர இருபத்தாறு பேர்.

"அதான் சரி பண்ணிட்டியே, சத்தமில்லாம விட்டுடு. தானா போய் யாராவது தலையைக் கொடுப்பாங்களா?" என்றாள் அக்காள்.

இவள் காலியான பையைப் பார்த்தாள். எந்தெந்த வீட்டில் எந்தப் பை திறந்திருக்கிறதோ. எவர் பழைய அறிக்கையை நம்பி, பையை மூடிவைத்துவிட்டு நிம்மதியாய் இருக்கிறாரோ. மேலாளரின் எண்ணை அழுத்தினாள்.

"சார், லிங்க்ல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இருபத்தாறு பேர் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்திருக்காங்க. இன்னைக்கே எல்லாருக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."