பிரித்த பாதி

மெக்கானிக்கின் உடம்பில் தீ தொடாமல் விட்ட இடம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில், அக்குளுக்குக் கீழே, ஒரு தபால் தலை அளவுக்குத் தோலை வெட்டியெடுத்து, சின்ன சீசாவில் போட்டு ஆஸ்பத்திரி மேல்மாடிக்கு அனுப்பியிருந்தார் தீக்காய வார்டு டாக்டரம்மா.

"இதை வளர்த்துக் குடுங்க. நெஞ்சு, ரெண்டு கை, ரெண்டு கால். அவ்வளவும் மூடணும்" என்று போனில் சொன்னார். ஏதோ சட்டைக்கு அளவு கொடுப்பது போலத்தான் சொன்னார்.

மேல்மாடி ஆய்வகத்தில் தோல் வளர்ப்பவளுக்கு வார்டில் வைத்திருந்த பெயர் தோல்காரி. முதலில் முகத்தைச் சுளித்தவள், பிறகு போனை எடுத்தாலே "தோல்காரி பேசுறேன்" என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயரோடு சமாதானமாகிவிட்டாள். கூட வேலை பார்த்தவள் குளிரக்கா. ஏ.சி.யைத் திட்டாமல் அவளால் ஒரு பாட்டிலைக்கூடக் கழுவ முடியாது.

மெக்கானிக்குக்கு பஸ் டெப்போவில் வேலை. டீசல் டேங்கைக் கழற்றும்போது பற்றிக்கொண்டது. அவர் மனைவி காய்கறி மண்டியில் எடை போடுகிறவள். மண்டிக் குரல், மூடிய கண்ணாடிக் கதவையும் தாண்டி உள்ளே வரும். தினமும் வேலை முடிந்ததும் வார்டில் புருஷனைப் பார்த்துவிட்டு நேராக மேல்மாடிக்கு வந்துவிடுவாள்.

"என்ன மேடம், இன்னிக்கு எவ்வளவு வளர்ந்திருக்கு?"

"செல்லெல்லாம் நல்லா இருக்கும்மா."

"செல்லுன்னா எனக்கு இந்தக் கையில இருக்கிற செல்லுதான் தெரியும். அதுவும் சார்ஜ் நிக்க மாட்டேங்குது. விரல் அளவா, கை அளவா, அதைச் சொல்லுங்க."

தோல்காரி சிரித்துவிடுவாள். ஒருநாள் மைக்ராஸ்கோப்போடு இணைந்த திரையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் அங்கங்கே தீவு தீவாகக் கூட்டம். ஒவ்வொரு தீவும் நெருக்கியடித்து உட்கார்ந்த செல்கள்.

"இதுங்க உங்க வீட்டுக்காரரோட தோல். சுத்தி நீளமா, மெலிசா கிடக்குது பாருங்க, அதுங்க வேற. தாதி மாதிரி. அதுங்க பெருகாது, பெருக விடாம செஞ்சுதான் போடுறோம். ஆனா பக்கத்துல இருந்துக்கிட்டு, 'வளரு, வளரு'ன்னு இதுங்களுக்குத் தகவல் அனுப்பிக்கிட்டே இருக்கும். அது இல்லேன்னா தோல் செல் முறுக்கிக்கிட்டு உட்கார்ந்துடும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். பக்கத்துல ஒருத்தர் நச்சரிச்சுக்கிட்டே இருந்தாத்தான் வேலை நடக்கும்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாரங்கள் ஓடின. தீவுகள் விரிந்தன; தாதிகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஒன்றையொன்று தொட்டன. தட்டுகளில் இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்துக்கு அடியில், ஈரக் காகிதம் போல முழுத் தோல் படிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று.

குறித்த நாளன்று காலையில் வார்டிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

"பேஷன்ட்டுக்கு ஜுரம் ஏறிடுச்சு. இன்னிக்கு இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"நாளைக்கா?"

"தெரியாதுங்க. புண்ணுலேருந்து எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கு. ரெண்டு நாளோ, நாலு நாளோ."

தோல்காரி போனை வைத்தாள். நேராக இன்குபேட்டரைத் திறந்து ஒரு தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோல் தயார் என்றால் தயார். இன்று எடுத்தாலும் அடுத்த வாரம் எடுத்தாலும் ஒன்றுதான். அவளுக்கு அப்படி இல்லை. இடம் இருக்கும்வரைதான் இந்தச் செல்கள் பெருகும். நாலாபக்கமும் அண்டை வீட்டுச் செல் வந்து இடித்ததும், 'போதும், இனி தோலாகு' என்ற சேதி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவிவிடும். பிறகு ஒவ்வொன்றாக மேலே ஏறி, தட்டையாகி, கெட்டியாகி, கடைசியில் உதிரும். அந்தப் பாதையில் இறங்கிவிட்ட செல்லைத் திருப்பி அழைக்க முடியாது. பிறந்தகுணம் மாறாத இளம் செல்கள் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால்தான் உடம்பில் வைத்ததும் அது வேர்விட்டு நிற்கும். எல்லாம் முதிர்ந்துபோனால், பார்க்க அழகான தோல். ஆனால் வைத்த சில நாளில் கட்டோடு சேர்ந்து வந்துவிடும்.

தட்டின் நடுவில் செல்கள் ஏற்கெனவே அகலமாகத் தொடங்கியிருந்தன.

"குளிரக்கா, இங்க வந்து பாருங்க."

குளிரக்கா குனிந்து பார்த்தாள். ஏ.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நாளைக்கு வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல சொல்ல முடியாது" என்றாள்.

"நாலு நாள்னா?"

"குப்பைத்தொட்டிதான்."

வழி ஒன்று இருந்தது. படிந்த தோலைக் கலைத்துவிடுவது. நொதி ஊற்றினால் செல்கள் பிடியை விட்டுப் பிரிந்து, உருண்டு, தனித்தனியாக மிதக்கும். அவற்றை இடம்விட்டுப் புதுத் தட்டுகளில், புதுத் தாதிகளோடு போட்டால், கூட்டம் குறைந்துவிட்டது என்று மறுபடி பெருகத் தொடங்கும். இளமை பிழைக்கும். ஆனால் தோல் போய்விடும். மறுபடி தட்டு நிறைய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்த மனிதனின் புண் திறந்தே கிடக்கும். உறைய வைத்த மிச்சமும் கிடையாது. வந்ததே தபால் தலை அளவு.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். எடுத்தது ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.

"லாரி ஆக்ஸிடென்ட் கேஸ்ல நிக்கிறாங்க. மத்தியானம் வரைக்கும் பேச முடியாது."

"ஒரே ஒரு கேள்விதான், சிஸ்டர்."

"உள்ள நிலைமை சரியில்லைங்க. புரிஞ்சுக்குங்க." போன் கட்.

மறுபடி கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் வரை காத்திருக்கலாம். ஆனால் கையில் இருந்த புதுத் தாதிச் செல்கள், வேறொரு நோயாளிக்காக இன்று காலை போடத் தயார் செய்யப்பட்டவை. அவற்றை இப்போது எடுத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த தாதிகள் தயாராக இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அவள் கையுறையை மாட்டினாள்.

"என்ன பண்றீங்க?" குளிரக்கா குரலைத் தாழ்த்தினாள். "டாக்டரம்மாவைக் கேக்காம தொடாதீங்க. அப்புறம் தலை உருளும்."

"எல்லாத்தையும் தொடலை. பாதியைப் பிரிச்சுடறேன். பாதி அப்படியே இருக்கட்டும். நாளைக்கே போடறாங்கன்னா அந்தப் பாதி இருக்கு. தள்ளிப்போச்சுன்னா இந்தப் பாதி இருக்கு."

"முழுசா வேணும்னு சொன்னா?"

தோல்காரி தட்டுகளை வெளியே எடுத்து அடுக்கினாள். முதல் தட்டின் ஊட்டத் திரவத்தை உறிஞ்சி எடுத்து, கழுவி, நொதியை ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் வாரக்கணக்காக வளர்த்த தோல் ஓரத்திலிருந்து விட்டுக்கொடுத்து, துண்டு துண்டாகி, வெறும் கலங்கல் தண்ணீராகிவிட்டது. அடுத்த தட்டு. அதற்கடுத்தது. பாதியில் நிறுத்தினாள். இன்னும் ஒரு தட்டு எடுக்கலாமா என்று ஒரு கணம் கை போனது, இழுத்துக்கொண்டாள்.

மத்தியானம் போன் அடித்தது. டாக்டரம்மா. குரலில் களைப்பு, ஆனால் சந்தோஷம்.

"நல்ல சேதி. ஜுரம் இறங்கிடுச்சு. கால் புண்ணுல மட்டும்தான் கிருமி, மருந்து மாத்தியாச்சு. நாளைக்குக் காலையிலே போட்டுடலாம். எல்லாத்தையும் ரெடி பண்ணிடுங்க."

தோல்காரி மிஞ்சிய தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"டாக்டர்... பாதிதான் இருக்கு."

"என்னது?"

சொன்னாள். தியேட்டருக்குக் கூப்பிட்டதையும் சொன்னாள்.

"யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?"

"நாலு நாள் ஆகும்னு சொன்னாங்க, டாக்டர். முதிர்ந்துபோயிருக்கும். அப்புறம் ஒண்ணுமே மிஞ்சாது."

"ஆகலையே! நாலு நாள் ஆகலையே! அந்த ஆளை ரெண்டு தடவை மயக்கத்துல போடணும் இப்போ. ரெண்டாவது தடவை எழுந்திருப்பானா இல்லையான்னு உனக்குத் தெரியுமா?" நீங்க என்பது நீயாகிவிட்டது. "கீழ வா. அவங்க வீட்டம்மாகிட்ட நீயே சொல்லு."

வார்டுக்கு வெளியே மெக்கானிக்கின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா சுவரோரம் கைகட்டி நின்றார். தோல்காரி நின்றபடியே சொன்னாள், சுற்றி வளைக்கவில்லை. இன்று காலை என்ன நினைத்தாள், என்ன செய்தாள், இப்போது என்ன நிலைமை, எல்லாவற்றையும் சொன்னாள்.

மனைவி உடனே கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்போ நாளைக்குப் பாதி உடம்புக்குத்தான்."

"ஆமாம்மா. நெஞ்சும் கையும். கால் அப்புறம்."

"அந்தக் கட்டைப் பிரிக்கும்போது அவரு எப்படித் துடிக்கிறாருன்னு பார்த்திருக்கீங்களா? மேல கண்ணாடி ரூம்ல இருக்கீங்க. நீங்க எங்க பார்த்திருப்பீங்க?" குரல் இப்போது ஏறியது. "அந்தக் கால் இன்னும் எத்தனை நாளைக்கு அப்படிக் கிடக்கணும்? அது உங்க பாட்டில் இல்லைங்க. அவரு கால்."

"தெரியும்மா."

"தெரியாது."

தோல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். டாக்டரம்மாவும் நகர்ந்தார்.

மறுநாள் காலையில் தட்டுகளைத் தோல்காரியே தியேட்டருக்கு எடுத்துப் போனாள். மெல்லிய வலைத்துணியின்மேல் தோலை எடுத்து, ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். ஒன்று பாதியில் கிழிந்தது. டாக்டரம்மா முகமூடிக்கு மேலே கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிழிந்ததையும் பொருத்தி வைத்தார். நெஞ்சு மூடியது. கைகளும், எட்டியவரைக்கும்.

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு பக்கமும் பயம். கீழே கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. மேலே பிரித்துப் போட்ட பாதி வேலைநிறுத்தம் செய்தது. தட்டுகளில் தாதிகள் மட்டுமே தெரிந்தன. தோல் செல்கள் எங்கோ ஒன்றிரண்டு, உருண்டையாக, ஒட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல. கொன்றுவிட்டேனோ என்று நினைத்தாள். சோறு இறங்கவில்லை. அவள் கணவர், "ராத்திரி தூக்கத்துல 'வளரு, வளரு'ன்னு சொல்றே. என்னைச் சொல்றியா?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

அப்புறம் ஒருநாள் காலை, மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த குளிரக்கா அப்படியே அசையாமல் நின்றாள்.

"என்ன?"

"வந்து பாருங்க. ஒண்ணு நாலாயிருக்கு."

நான்கு செல்கள், தோளோடு தோள் ஒட்டி. கொஞ்சம் தள்ளி இன்னொரு கூட்டம். தோல்காரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கட்டுப் பிரிக்கும் நாளில் டாக்டரம்மா ஆள் அனுப்பி அவளைக் கீழே வரவழைத்தார். "பார்க்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பார்த்தாள். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையை வெறித்தார். மனைவி அவர் தலைமாட்டில் நின்று, "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், முடியவில்லை. துணியை நனைக்க நனைக்க அது விலகியது. நெஞ்சில் மெல்லிய, இளஞ்சிவப்பான, பளபளப்பான ஒரு படலம். டாக்டரம்மா விரல் நுனியால் ஓரத்தை மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை.

"பிடிச்சிருக்கு" என்றார்.

வலது கையிலும் பெரும்பாலும் பிடித்திருந்தது. இடது முன்கையில் கட்டோடு சேர்ந்து வந்துவிட்டது. அடியில் சிவந்த புண் அப்படியே. தோல்காரி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதிரத் தொடங்கிய தட்டுகளில் ஒன்றாக இருக்கும். கிழிந்ததாகவும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்?

வராந்தாவில் டாக்டரம்மா அவளை நிறுத்தினார்.

"கால்ல இருந்த கிருமி நேத்துதான் சுத்தமா போச்சு. அன்னிக்கு அங்க போட்டிருந்தா அழுகிப்போயிருக்கும்."

தோல்காரி நிமிர்ந்தாள்.

"அதுக்காக நீங்க பண்ணது சரின்னு நான் சொல்ல மாட்டேன். கிருமி இவ்வளவு நாள் நிக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னொரு தடவை இப்படி வந்தா, தியேட்டர் கதவை உடைச்சாவது என்கிட்ட கேளுங்க."

"கேக்கறேன், டாக்டர்."

"நானும் சிஸ்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன். தோல்காரி கூப்பிட்டா போனை என் காதுல வைக்கச் சொல்லி."

இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்து மெக்கானிக் கண் திறக்க நேரமாயிற்று. மூச்சு ஒருமுறை தடுமாற, தியேட்டரில் எல்லோரும் ஓடினார்கள். அந்த நேரம் முழுவதும் தோல்காரி வெளியே அதே பெஞ்சில், அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மனைவி அவளை எழுந்து போகச் சொல்லவில்லை. நர்ஸ் வந்து, "முழிச்சுட்டார்" என்றதும், பக்கத்தில் இருந்த கையைப் பிடித்து இறுக்கினாள். யார் கை என்று பார்த்திருக்கமாட்டாள் என்றே தோல்காரி நினைத்தாள்.

கால்களில் கிட்டத்தட்ட முழுவதும் பிடித்தது. இடது கைக்கு இன்னொரு சின்ன துண்டு வளர்க்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு மாலையில் ஆய்வகத்துக் கண்ணாடிக் கதவைத் தாண்டி மண்டிக் குரல் வந்தது.

"மேடம்! கீழ வந்து அவரை என்னன்னு கேளுங்க. அரிக்குது, அரிக்குதுன்னு வார்டையே ரெண்டாக்குறாரு. ஆறுற புண்ணு அரிக்கத்தான் செய்யுமாம், ஆனா சொறியக் கூடாதாம், நர்ஸம்மா கையைக் கட்டிப்போட்டுடுவேன்னு மிரட்டுறாங்க. எங்கே அரிக்குதுன்னு கேட்டா, எல்லா இடத்துலயும்ங்கிறாரு. நெஞ்சு, கை, காலு, எல்லா இடத்துலயும்!"

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்ணாடி வழியாகத் தெரியவில்லை. தோல்காரி கையுறையைக் கழற்றிவிட்டுப் படியிறங்கினாள்.