துளை மூடும் நாள்

சன்னல் கண்ணாடியில் மழை. மழைக்குள் என் முகம்.

நீர் வழிகிறது. நெற்றி தெரிகிறது. கண் தெரிகிறது. மூக்கு மட்டும் கரைகிறது. மறுபடி சேர்கிறது. கோணலாகவே சேர்கிறது.

ஐப்பசி. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியின் மாடி அறை. காலையா மாலையா என்று சொல்ல முடியாத வெளிச்சம். காலைதான். வெறும் வயிறு. தண்ணீரும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று என் மூக்கை நேராக்கப் போகிறார்கள். வலப்பக்கத்துத் துளையையும் மூடப் போகிறார்கள்.

அந்தத் துளைக்கு என் வயது.

எனக்கு முன்னால் பிறந்தவர்கள் யாரும் தங்கவில்லை. கடைசியாகப் போனவள் கனகா. ஏழு வயது. ஒரு காய்ச்சல். அதற்குப் பிறகு நான்.

பிறந்ததும் என்னைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்தார்கள். மூக்கைக் குத்தி, துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகினார்கள். குப்பம்மாள் என்று பேர் வைத்தார்கள். கொண்டுபோக வருகிற எமன் பார்ப்பான். இது குப்பை, இது மூளி என்று விட்டுப் போவான்.

விட்டுப் போனான். நான் தங்கினேன்.

படங்களில் இடப்பக்கம் மட்டும் காட்டித் தங்கினேன். பேசும்போது கைக்குட்டையை மூக்கருகே பிடித்துத் தங்கினேன். ஒரு முறை யாராவது என்னை நேராகப் பார்க்க வேண்டும். முழுதாக. பார்வையை நகர்த்தாமல். என் ஆசை அவ்வளவுதான்.

சிஸ்டர் ஜெசிந்தா வந்தார்.

"மூக்குத்தியக் கழட்டிருங்க. உள்ள இரும்பு, தங்கம், எதுவும் ஆவாது. கட்டுன பல்லு இருந்தாலும் இப்பவே சொல்லிருங்க. பெறகு தொண்டைல போயிட்டுன்னு என்னையத் தேடக் கூடாது."

கழற்றினேன். துளைக்குள் குளிர்ந்த காற்று போனது. யாரோ அருகில் வந்து ஊதியது போல.

சிஸ்டர் போனதும் அம்மா மடியிலிருந்து எதையோ எடுத்தாள். வேப்பங்குச்சி. பச்சை. தோல் சீவியது. வரும்போதே கொண்டு வந்திருக்கிறாள்.

"இது இரும்பு இல்லலா. போட்டுக்கோ."

"மூடத்தானம்மா வந்திருக்கோம்."

"மூக்க நிமித்தட்டும். ஓட்டைய விடச் சொல்லு. தூந்துட்டுன்னா அவன் உன்னையக் கண்டுக்கிடுவான், ஏட்டி. ஒரு ஓட்டைதான கேக்கேன்."

நான் வாங்கவில்லை. குச்சி அவள் கையிலேயே இருந்தது.

டாக்டர் வந்தார். சின்ன வயது. ஊதா மையால் என் மூக்கின் மேல் கோடு போட்டார். மை குளிர்ந்தது. ஒரு கோடு. அதன் பக்கத்தில் இன்னொரு கோடு. துளையைச் சுற்றி ஒரு வட்டம்.

"உங்க மூக்கும் கோணல்தான சார்," என்றாள் அம்மா. "நீங்க டாக்டராவலையா?"

"என் மூக்க நானே அறுக்க முடியாதேம்மா. இல்லன்னா எப்பவோ பண்ணியிருப்பேன்."

சிரித்தபடி கையிலிருந்த கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "பயப்படாதீங்க. எல்லாம் முடிஞ்சு வீக்கம் வத்தினதும் இப்படி இருப்பாங்க."

நான் முன்பே பார்த்த படம். என் முகத்தில் புது மூக்கு. அவர் திரையில் மூக்கை மாற்றிக்கொண்டே வந்தபோது, போதும் என்று கை காட்டியவள் நான். ஏன் அந்த மூக்கில் நிறுத்தினேன் என்று தெரியாது. எங்கோ பார்த்த மூக்கு போல இருந்தது.

அம்மா முதல் முறையாகப் பார்க்கிறாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பார்த்தாள்.

மழை நிற்கவில்லை. அவள் மூச்சு நின்றது.

"கனகா," என்றாள்.

எங்கள் வீட்டில் கனகாவின் படம் கிடையாது. ஏழு வயதில் போனவள். ஆனால் அம்மா அவளை அங்கே விட்டுவிடவில்லை. ஒவ்வோர் ஐப்பசியிலும் வயது கூட்டி வளர்த்திருக்கிறாள். வளையல் கடையில் அளவு கேட்டால் காற்றில் ஒரு வட்டம் வரைந்து காட்டுவாள். வருடத்துக்கு வருடம் அந்த வட்டம் பெரிதானது. எனக்கென்று நினைத்திருந்தேன். அவள் வாங்கிய எந்த வளையலும் என் கைக்கு அளவாக இருந்ததில்லை.

அம்மா திரையில் இருந்த கன்னத்தைத் தொட்டாள்.

"எம்புட்டு வளந்துட்டா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

அவர் போனபின் அம்மா என் பின்னலை அவிழ்த்தாள். மெதுவாகச் சீவினாள். எனக்குக் கோணல் வகிடு. அவள் நேர் வகிடு எடுத்தாள். அவள் மடியிலிருந்து குச்சி நழுவியது. உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அம்மா பார்த்தாள். குனியவில்லை.

"ஓட்டைய என்ன செய்ய?" என்றேன்.

"மூடட்டும். அவளுக்கு மூக்கு குத்தலயே."

"அவன் என்னையக் கண்டுக்கிட்டா?"

அம்மா வகிட்டைச் சரி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நேராக்கினாள்.

என்னை ஒளித்து வைத்தவள் அவள். இப்போது அவளே கதவைத் திறந்து நிற்கிறாள். ஒருத்தி உள்ளே போவாள். ஒருத்தி வெளியே வருவாள். அம்மா வரப்போகிறவளுக்காகக் காத்திருக்கிறாள்.

சக்கர நாற்காலி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் சிஸ்டர் ஜெசிந்தா.

"பேரச் சொல்லுங்க. உள்ள கூட்டிட்டுப் போவும்போது எல்லார்ட்டயும் கேக்கணும்."

நான் வாய் திறந்தேன். அம்மா முந்தினாள்.

"கனகவல்லி."

சிஸ்டர் என் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் படித்தார். "நல்லாருக்கே. பெத்த பிள்ள பேரே மறந்து போச்சா?"

அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக. முழுதாக. பார்வையை நகர்த்தாமல்.

நான் ஆசைப்பட்ட பார்வை. அதில் நான் இல்லை.

கட்டிலை விட்டு இறங்கினேன். தரையில் படுத்து அடியில் கை விட்டேன். தூசி. ஒரு செருப்பு. குச்சி. துடைத்துத் துளையில் செருகினேன். கண்ணில் நீர் வந்தது. தொண்டை வரை கசந்தது.

"குப்பம்மாள்," என்றேன். "எம் பேரு குப்பம்மாள். எனக்கு ஆபரேஷன் வேண்டாம், சிஸ்டர்."

அம்மா அழவில்லை. வாசலைப் பார்த்தாள். அதுவரை அங்கே நின்றவள் திரும்பிப் போவதைப் பார்ப்பது போல. வெகுநேரம் பார்த்தாள்.

வெளியே மழை வலுத்திருந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். அம்மா ஏறினாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு," என்றாள்.

தள்ளினேன். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு, அந்த ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள். சாரல் அவள் தோளை நனைத்தது. நகரவில்லை. நடு இருக்கையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

ஆட்டோவின் முன்கண்ணாடியில் மழை. மழைக்குள் என் முகம்.

நீர் வழிந்தது. நெற்றி தெரிந்தது. கண் தெரிந்தது. மூக்கு கரைந்தது. குச்சியை விரலால் பிடித்துக்கொண்டு, மறுபடி சேரும்வரை காத்திருந்தேன்.

கோணலாகவே சேர்ந்தது.