தட்டின் நடுவே

நசீபா அன்று காலை முப்பத்தேழு பேருக்கு ரத்தம் எடுத்திருந்தாள். தோப்பும்படியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பதினொரு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. ஊசியைப் பிரிப்பதற்கு முன் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். வெறும் வயிறுதானே, ஒன்றும் சாப்பிடவில்லையே? பசியோடு வந்தவர்களை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சிலர் குழந்தையாகிவிடுவார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, கீழே சாயாக்கடை திறந்திருக்கிறதா என்று கேட்பார்கள்.

தனக்குப் பசித்தால் தன் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், காயலைப் பார்த்த பழைய சுக்குக் கிடங்கு ஒன்றில் ஆசிய உணவுத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. நாலு மணிக்கு அங்கே அவள் ஒருவரைச் சந்திக்க வேண்டும். பெயர் சைபுதீன். பள்ளுருத்தியில் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். மனைவி இறந்து மூன்று வருடம், பிள்ளைகள் இல்லை. அவளைவிட ஆறு வயது மூத்தவர். ஏற்பாடு முழுக்க அண்ணன் மனைவி பௌசியாவுடையது. வீட்டுக்கு வரச் சொன்னால் தெருவில் ஒரு ஜன்னல் மூடியிருக்காது. ஆனால் பச்சை மீனும் கடல்பாசியும் தின்கிற இடத்துக்கு நம் ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று பௌசியா உறுதியாக நம்பினாள்.

இதற்கு முன் இரண்டு முறை நசீபா கடைசி நேரத்தில் தட்டிக் கழித்திருந்தாள். இந்த முறை பௌசியா விடவில்லை.

"ரெண்டு வாட்டி தலைவலின்னே. மூணாவது தலைவலிக்கு நான் மருந்து வெச்சிருக்கேன், பாத்துக்கோ. வேணும்னா வேணும்னு சொல்லு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. மஹ்ரிபு தொழுகைக்குள்ள ரெண்டுல ஒண்ணு. அந்த மனுசனும் எத்தர நாள் சட்டைய இஸ்திரி போட்டுக் காத்திருப்பாரு?"

நசீபா 'வேண்டாம்' என்பதைத் தயாராகவே வைத்திருந்தாள். அதை மரியாதையாகச் சொல்ல ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றுதான் புறப்பட்டாள். துணைக்கு வந்தது மகள் லமியா. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள். ஆட்டோவில் ஏறியதிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளை பார்க்க மகளைக் கூட்டிக்கொண்டு போகிற ஒரே உம்மா இந்தக் கொச்சியிலேயே நீங்கள்தான் என்றாள்.

பௌசியாவின் நம்பிக்கை வாசலிலேயே பொய்த்தது. கொரியக் கடை வரிசையில் பள்ளிவாசல் தெருப் பெண்கள் எட்டுப் பேர் நின்றார்கள். அவளிடம் ரத்தப் பரிசோதனைக்கு வருகிற ஒரு பெரியவர் கையில் ஐஸ்கிரீமோடு அவளைக் கண்டு, தன் சர்க்கரை நோயை நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். சைபுதீன் உள்ளே ஒரு தூணருகே நின்றார். சட்டை இஸ்திரி போட்டதுதான். கையில் கூப்பன்களை விசிறிபோல் விரித்துப் பிடித்திருந்தார்.

என்ன சாப்பிடலாம் என்று அவர் கேட்டார். எதுவானாலும் சரி என்றாள் நசீபா. உங்களுக்கு என்று அவள் கேட்டதற்கு, தனக்கும் எதுவானாலும் சரி என்றார். எதுவானாலும் சரி என்கிற இரண்டு பேர் அந்தக் கிடங்கை இரண்டு முறை சுற்றிவந்தார்கள். ஜப்பான்காரர்கள் சோற்றை உருட்டிப் பாசியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தாய்லாந்துக் கடையில் ஒரு பெண் உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். கொதிக்கிற எண்ணெயும் எலுமிச்சைப்புல்லும் சுவரில் ஊறியிருந்த பழைய சுக்கு வாசமும் ஒன்றாகக் கலந்து அடித்தன. மூன்றாவது சுற்றில் லமியாவின் பொறுமை போய்விட்டது. இருவரையும் மந்திச் சோறு விற்கும் யேமன் கடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மந்தி எடப்பள்ளியில தெருவுக்குத் தெரு கிடைக்கும்" என்றாள் நசீபா தயங்கி.

"யேமனும் ஏசியாதான் உம்மா, புஸ்தகத்துல இருக்கு. உக்காருங்க ரெண்டு பேரும். எனக்குக் கால் வலிக்குது." அவள் கொரிய வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

மந்தி ஒரே பெரிய தட்டில் வந்தது. மஞ்சளும் வெள்ளையுமாகச் சோறு, நடுவில் எலும்போடு ஓர் ஆட்டுத் தொடை. தட்டைப் பார்த்ததும் இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கீழக்கரையிலிருந்து அரிசி வியாபாரத்துக்கு வந்து கொச்சியில் தங்கிவிட்ட அவர்களுடைய குடும்பங்களில் இதற்குச் சஹன் என்று பெயர். ஒரு தட்டு, சுற்றி நாலைந்து பேர். தனக்கு முன்னால் இருக்கிற சோற்றைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் கறியைத் தானாக எடுத்துக்கொள்வது அழகல்ல. பக்கத்தில் இருப்பவர் பிய்த்து நம் பக்கம் தள்ளுவார், நாம் அவர் பக்கம் தள்ள வேண்டும்.

நசீபா வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஆண்கள் எழுந்த பிறகுதான் அதே தட்டைச் சுற்றிப் பெண்கள் உட்காருவார்கள். நடுவில் எலும்பு கிடக்கும். யாரும் கெட்டவர்கள் இல்லை, நடைமுறை அப்படி. லமியா வயிற்றில் இருந்தபோது ஒரு பெருநாளன்று, அடுப்படியில் நின்றபடியே சட்டியிலிருந்து ஓர் ஈரல் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மாமியார் பார்த்துவிட்டார். திட்டவில்லை, சிரித்தார். சாயங்காலத்துக்குள் வீடு முழுக்க அவளுக்கு 'ஈரல்கள்ளி' என்று பெயராகிவிட்டது. அவள் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். பிற்பாடு அவர் ஷார்ஜாவில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு அவளை விலக்கியபோது அவள் அழுதது ஒரு மாதம்கூட இருக்காது. அந்தச் சிரிப்புதான் போகாமல் நின்றது. இன்னொரு வீட்டுக்குப் போவதென்றால் இன்னொரு தட்டின் ஓரத்துக்குப் போவது. அவள் வைத்திருந்த 'வேண்டாம்' என்பதற்குப் பின்னால் இருந்தது இவ்வளவுதான். இதைப் பௌசியாவிடம் எப்படிச் சொல்வது? ஒரு துண்டு ஈரலுக்கா இந்தப் பாடு என்பாள்.

சைபுதீன் தொடையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை நாசூக்காக அவர் பக்கம் தள்ளினாள். அவர் இன்னொன்றைச் சேர்த்து அனுப்பினார். அவள் இரண்டையும் திருப்பினாள். இப்படியே நடந்தது. வாய்க்குள் போனது ஓரத்துச் சோறு நாலு கவளம். கடையைப் பற்றி அவர் சொன்னார், வேலையைப் பற்றி அவள் சொன்னாள். கறி தட்டின் நடுவே போவதும் வருவதுமாக ஆறிக்கொண்டிருந்தது.

மேசை துடைக்கும் சேச்சி வந்து, சாப்பிட்டு முடிந்ததா என்று மலையாளத்தில், "கழிஞ்ஞோ?" என்று கேட்டாள். அவர் முடித்துவிட்டார் போலும், தன்னால் காத்திருக்க வேண்டாம் என்று நசீபா தலையை ஆட்டினாள். அதே நேரத்தில் எதிரே சைபுதீனும் ஆட்டினார். சேச்சி ஒரு நொடி தட்டைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், பணக்காரர்கள் என்று நினைத்திருப்பாள். முக்கால் தட்டுச் சோற்றோடும் முழுத் தொடையோடும் அவள் போவதை இருவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க முடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"நீங்க முடிச்சிட்டீங்கன்னு நான் நெனச்சேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பைக் கேட்டதும் நசீபாவின் தோள்கள் தாமாக இறுகின. ஆனால் அது அவரை நோக்கியே திரும்பிய சிரிப்பு. காலையிலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். பெண்ணுக்கு முன்னால் அள்ளித் தின்று பயமுறுத்தாதே என்று அக்கா சொல்லி அனுப்பினாளாம்.

"அந்தத் தொடை எனக்கு வேணும்னு இருந்துச்சு."

சொன்னது தான்தான் என்பது நசீபாவுக்குச் சற்றுக் கழித்தே உறைத்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லிப் பழக்கமில்லை என்றாள். அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த கூப்பனின் முனையை மடித்து மடித்து நிமிர்த்தினார்.

"ஹாஜராவுக்கு என்ன பிடிக்கும்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டா, உங்களுக்குப் பிடிச்சதுன்னுவா. பதினெட்டு வருஷம். ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு, இனி அவங்க ஆசைப்பட்டத குடுங்கன்னு. நான் வாசல்ல போய் நின்னேன். என்னத்த வாங்க?"

இறந்துபோன மனைவியைப் பற்றி இப்படி ஓர் இடத்தில் பேசலாமா என்று அவளுக்குத் தோன்றவில்லை. நேரில் பார்த்ததில்லை என்றாலும் அந்த ஹாஜராவை அவளுக்குத் தெரியும். தட்டின் ஓரத்தில் தனக்குப் பக்கத்தில்தான் அவளும் உட்கார்ந்திருந்தாள். அதனால்தான், யாரிடமும் சொல்லாத ஈரல் கதையை அவரிடம் சொன்னாள். சின்னக் கதைதான், சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. முடித்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எல்லோரும் சிரித்த இடம் அது.

"வெந்திருந்துச்சா?" என்று கேட்டார் சைபுதீன்.

"என்னது?"

"ஈரல்."

அவள் யோசித்தாள். இருபது வருடத்தில் அந்தத் துண்டைப் பற்றி, அந்தத் துண்டைப் பற்றி மட்டும், அவள் நினைத்ததே இல்லை. மிளகு கடிபட்டது நினைவுக்கு வந்தது. நாக்கு சுட்டது நினைவுக்கு வந்தது.

"நல்லா வெந்திருந்துச்சு" என்றாள். "ருசியா இருந்துச்சு."

"அப்ப சரி" என்றார். பெரிய விஷயம் ஒன்று சரியாகிவிட்டதைப் போலத்தான் சொன்னார்.

எழுந்தார்கள். இந்த முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூப்பன்களில் பாதியை அவள் கையில் கொடுத்துவிட்டு அரை எட்டுப் பின்னால் நடந்தார். நசீபாவுக்குத் திருவிழாவில் தனியாக விடப்பட்டதைப் போல் இருந்தது. எது வேண்டும்? உள்ளே குரல் கொடுத்துப் பார்த்தாள், பதில் வரவில்லை. ஆகவே காது இழுத்த பக்கம் போனாள். உரலில் இடிக்கும் சத்தம். பச்சைப் பப்பாளியைச் சீவி, மிளகாயும் எலுமிச்சையும் உலர்ந்த இறாலும் சேர்த்து இடித்து, எதையோ குப்பியிலிருந்து ஊற்றித் தந்தாள் அந்தப் பெண். ஒரு வாய் வைத்ததும் நசீபாவின் கண் கலங்கிவிட்டது. காரம் பரவாயில்லை. அந்தக் குப்பியில் இருந்தது புளித்த மீன் சாறு. மட்டாஞ்சேரி மீன் சந்தை மூடிய பிறகு அடிக்கிற வாசம்.

பழைய பழக்கம் அவளை மென்று விழுங்கச் சொன்னது. நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னது.

"எனக்குப் பிடிக்கல" என்றாள்.

அவரும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். தனக்கும் பிடிக்கவில்லை என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை, யாரும் பெயர் வைக்கவில்லை. வேண்டுமென்று கேட்டதைத் தவறாகக் கேட்டாலும் ஒன்றும் ஆவதில்லை என்பது அவளுக்குப் புதிய செய்தி. அந்தச் செய்தியோடு இந்தோனேசியக் கடைப் பக்கம் திரும்பியபோது, அடுத்தது தானாக வந்தது. வாழையிலையில் பொதிந்து கனலில் சுட்ட மீன். இலை கருகும் வாசத்தில் வயிறு சத்தம் போட்டது. பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்கும்.

"எனக்கு இது ஒண்ணு" என்று கடைக்காரரிடம் சொன்னாள். பிறகு சைபுதீனிடம் திரும்பினாள். "பங்கு கிடையாது. உங்களுக்கு வேணும்னா வேற வாங்கிக்குங்க."

"எனக்கு மீனு வேண்டாம். அந்தக் கோழி வேணும்" என்றார் அவர் உடனே. எதிரே நிலக்கடலைக் குழம்பில் தோய்த்த கோழித் துண்டுகளைக் குச்சியில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு குச்சி வாங்கினார்.

காயலைப் பார்த்த மேசையில் இரண்டு தட்டுகள். நசீபா மீனின் வயிற்றுப் பகுதியைத்தான் முதலில் எடுத்தாள். முள் குறைந்த, நெய் கசியும் சதை. அவசரப்படாமல், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் சாப்பிட்டாள். வெல்லிங்டன் தீவுப் பக்கம் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. கொரிய வரிசையிலிருந்து லமியா எட்டிப் பார்த்துவிட்டு, வராமலேயே திரும்பிக்கொண்டாள்.

மீனின் தலைக்கு வந்ததும் நசீபா கையை ஓய்த்தாள். தயாராக வைத்திருந்த அந்த 'வேண்டாம்' என்ற சொல்லைத் தேடினாள். இருந்தது. ஆனால் அது இவருக்காகச் செய்த சொல் இல்லை. வேறு யாருக்கோ, வேறொரு வீட்டுக்கு, ரொம்பத் தாமதமாகச் செய்து வைத்த சொல். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. பயத்தோடு கூடவே பேசலாம் என்று மட்டும் தெரிந்தது.

"நான் வேலைய விடமாட்டேன்" என்றாள். "பசிச்சா சாப்பிட்டுருவேன். உங்களுக்காகக் காத்திருக்க மாட்டேன்."

"கடையில எனக்குச் சாப்பிட மூணு மணி ஆயிரும். காத்திருந்தா உங்களுக்குத்தான் வயித்துல கேஸு பிடிக்கும்."

"லமியா படிப்பு முடியற வரைக்கும் என்கூடத்தான் இருப்பா."

"அது கேக்கணுமா? அவ இல்லேன்னா நாம இப்பவும் சுத்திக்கிட்டுத்தான் இருப்போம்."

நசீபா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். காயலில் வெயில் சாய்ந்திருந்தது.

"எனக்குச் சம்மதம்" என்றாள். "பௌசியா மதினிகிட்ட நானே சொல்லிக்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?"

சைபுதீன் அப்போதுதான் கடைசிக் குச்சியின் இரண்டு துண்டுகளையும் ஒன்றாக வாயில் போட்டிருந்தார். கன்னம் புடைத்திருந்தது. கண்கள் பெரிதாயின. ஒரு நிமிடம் என்பதுபோல் விரலைத் தூக்கினார்.

"மென்னு முழுங்கிட்டுச் சொல்லுங்க" என்றாள் நசீபா. "எனக்கு அவசரமில்ல."